சூடு பார்த்தவர்

ஒன்பதாவது வரியில் சுதாகரனின் பேனா நின்றுவிட்டது.

அதுவரை காரியம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. தை மாதத்துச் சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி. வட்டவளைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தின் முன்திண்ணையான இஸ்தோப்பில் உட்கார்ந்து, மடியில் ஒரு பலகையை வைத்து அவன் எழுத, மனைவி ஜெயந்தினி கதவோரம் நின்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் கையெழுத்து கோழி கிண்டினது போல இருக்கும். சுதாகரனுடையது அச்சடித்தது போல இருக்கும். பதினெட்டு வருஷமாகத் தேயிலை ஸ்டோரில் ட்ரையர் பார்க்கிறவன் அவன். தோட்டத்தில் தேயிலைத் தொழிற்சாலைக்கு ஸ்டோர் என்றுதான் பெயர். அங்கே மணிக்கொரு தடவை சூட்டைக் குறித்துக் குறித்தே அவன் எழுத்து உருண்டு திரண்டுவிட்டது.

எழுதிக்கொண்டிருந்தது ஒரு செய்முறைக் குறிப்பு. நான்கு காபன் இழைக் குழாய்களை எப்படிச் செய்தார்கள் என்று ஒன்று, இரண்டு போட்டு எழுத வேண்டும். கேட்டவன் ரிஃகான், ஹட்டனில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. கட்டுநாயக்கவில் பெரிய விமானங்களைப் பழுது பார்க்கிற வேலை அவனுக்கு. அது போதாதென்று இரண்டு சிநேகிதர்களோடு சேர்ந்து, ஒரே ஒரு ஆள் உட்காரக்கூடிய குட்டி விமானம் ஒன்றை நாலு வருஷமாகக் கட்டிக்கொண்டிருந்தான். ஓட்டுகிறவன் கையில் இருக்கும் பிடியையும், இறக்கையின் ஓரத்தில் ஏறி இறங்கும் மடல்களையும் இணைப்பவை இந்தக் குழாய்கள்தாம். பிடியை இடப்பக்கம் சாய்த்தால் விமானம் இடப்பக்கம் சாய வேண்டும். குழாய் நடுவில் மடங்கிப் போனால், பிடி கையில் இருக்கும், விமானம் கையில் இருக்காது.

தென்கரைப் பக்கம் ஓர் ஓடுபாதையில் அது முதல் தடவையாகப் பறக்கப்போவது மறுநாள் ஞாயிறு காலை ஏழு மணிக்கு. அதற்கு முன்னால் விமானத்தின் கோப்பில் இந்தத் தாள் இருக்க வேண்டும் என்று ரிஃகான் கேட்டிருந்தான்.

ஜெயந்தினி சும்மா வந்தவள் இல்லை. பியகமவில் பாய்மரப் படகுகளுக்குத் தண்டு செய்கிற கம்பனி ஒன்றில் ஒன்பது வருஷம் காபன் சுற்றியவள். பெற்றோலுக்கும் காஸுக்கும் நாடே வரிசையில் நின்ற அந்த வருஷம் கம்பனி அவள் இருந்த பகுதியை இழுத்து மூடிவிட்டது. ஒரு பையில் உடுப்பும், இன்னொரு பையில் கம்பனி வீசப்போன துண்டுத் துணிகளுமாக ஊர் திரும்பினாள். கொழுந்து பறிக்கப் போகலாமே என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அவள் காது கொடுக்கவில்லை. பக்கத்துக் காம்பராக்காரர்கள் புது வீட்டுக்குப் போனதும் அந்த ஒற்றை அறைக் காம்பராவைக் கேட்டு வாங்கி, சுவருக்கு வெள்ளையடித்து, மேசை போட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஹட்டனில் கலியாண வீட்டுப் படக்காரர் ஒருவருக்குக் கமரா மாட்டும் நீளத் தண்டு ஒன்று செய்து கொடுத்தாள். அதைத்தான் ரிஃகான் ஒரு விருந்தில் கையில் தூக்கிப் பார்த்தான். ஒரு விரலில் நிறுத்திப் பார்த்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் வட்டவளைக்கு வந்து இறங்கினான்.

வேலையில் சுதாகரனுக்கும் பங்கு உண்டு. ரெசினில் ஊறிய இழை இறுகுவதற்குச் சூடு வேண்டும். மலைநாட்டுக் குளிரில் அது நாலு நாள் ஆனாலும் பிசின் மாதிரியே கிடக்கும். ஜெயந்தினி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது, அவன்தான் பலகைப் பெட்டி ஒன்று அடித்து, உள்ளே ஆறு குண்டு பல்புகளும் பழைய கணினியிலிருந்து கழற்றிய குட்டிக் காற்றாடியும் பூட்டினான். தெர்மாமீட்டர் இருந்தாலும் புறங்கையைப் பெட்டிக்குள் நீட்டி, இன்னும் ரெண்டு பாகை ஏறணும் என்பான். தெர்மாமீட்டரும் அதையேதான் காட்டும். சூட்டு விஷயத்தில் அவனை ஏமாற்ற முடியாது.

மற்ற எதையும் தொட அவனுக்கு அனுமதி இல்லை. அந்தக் கதவருகில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பதே அவன் வழக்கம்.

ஒன்பதாவது வரியும் அதைப் பற்றித்தான். அதற்கு முந்திய எட்டும் சுளுவாக இறங்கிவிட்டன. அலுமினிய அச்சுக்குழாய்க்கு மெழுகு பூசியது, காலுறை மாதிரிப் பின்னிய காபன் உறையை அதன்மேல் இழுத்து ஏற்றியது, ரெசின் ஊட்டியது, நாடா சுற்றியது, பெட்டியில் வைத்தது. ஒரே மூச்சில் கனமாகச் சுற்றினால் சுருக்கம் விழும் என்பதால் இரண்டு சுற்று. முதல் சுற்று இறுகியதும் சாண்ட் பேப்பர் போட்டு, ஸ்பிரிட்டால் துடைத்து, வெள்ளைத் துணி போர்த்தி வைத்தது.

"ஒம்பது," என்றாள் ஜெயந்தினி. "ஸ்பிரிட்ல தொடச்ச பெறகு ரெண்டாவது உறை ஏறுற வரைக்கும் கொழாய்மேல ஒரு கையும் படல. எண்ணெய்ப் பசை எதுவும் படல. எழுதுங்க."

அவன் எழுதவில்லை. பட்டால் என்ன ஆகும் என்று, தாளைப் பார்த்தபடியே கேட்டான். சும்மா தெரிந்துகொள்ளக் கேட்கிறவன் மாதிரிக் கேட்டான்.

அவளுக்கு வேலையைப் பற்றிக் கேட்டால் பிடிக்கும். வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். எண்ணெய் பட்ட இடத்தில் மேல் சுற்று கீழ் சுற்றோடு ஒட்டாது, ஆனால் ஒட்டினது மாதிரி உட்கார்ந்திருக்கும் என்றாள். காசால் தட்டிப் பார்த்தாலும் நல்ல சத்தம்தான் வரும். பாரம் கட்டிப் பார்த்தாலும் முதல் நாள் தாங்கும். எஞ்சின் அதிர்ந்து அதிர்ந்து, எத்தனையாவது நாளோ, அங்கேதான் பிரியும். கம்பனியில் ஒருத்தி கைக்குக் கிரீம் பூசிக்கொண்டு வந்ததில் இப்படி ஒரு தண்டு கடலில் முறிந்ததாம்.

"அதனாலதான் உங்களக்கூட உள்ள விடல," என்று சிரித்தாள்.

சுதாகரன் ஒன்பதாவது வரியை எழுதினான். அச்சு மாதிரி எழுத்தில், ஒரு பிழையும் இல்லாமல் எழுதினான்.

மூன்று மாதத்துக்கு முந்திய ஆயுத பூஜையன்று நடந்தது இது.

ஸ்டோரில் அன்றைக்கு வழக்கம்போலப் பூஜை. ரோலருக்கு, ட்ரையருக்கு, சல்லடைக்கு, மோட்டருக்கு, தராசுக்குக்கூடச் சந்தனமும் குங்குமமும் வைத்துத்தான் தீபம் காட்டுவார்கள். பொட்டு வைக்காத இயந்திரத்தை மறுநாள் ஓட்டச் சொன்னால் ஒரு ஆளும் கைவைக்க மாட்டான். வைத்த பொட்டை அப்படியே விட்டால் ஈரம் கோத்து இரும்பு துருப்பிடிக்கும். ஆகவே பூஜை முடிந்து படையல் எடுத்ததும் எண்ணெய் தோய்ந்த வேஸ்ட் துணியால் துடைத்துவிடுவதும் அங்கே வழக்கம். ட்ரையருக்குப் பொட்டு வைப்பவனும் துடைப்பவனும் பதினெட்டு வருஷமாகச் சுதாகரன்தான்.

மிச்சச் சந்தனத்தை இலையில் மடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தான். ஜெயந்தினி கோயிலுக்குப் போயிருந்தாள். பக்கத்துக் காம்பராவில் வெள்ளைத் துணிக்குக் கீழே நான்கு குழாய்களும் வரிசையாகக் கிடந்தன. தேயிலை அரைக்கிற இரும்புக்கே பொட்டு இருக்கிறது, ஒரு மனிதன் உயிரைக் கட்டித் தொங்கவிடப்போகிற இதற்கு இல்லையா என்று அவனுக்கு மனசு கேட்கவில்லை. பாவம், கையைக்கூடச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுத்தான் உள்ளே போனான். ஒவ்வொன்றிலும் இரண்டு முனையிலும் நடுவிலுமாகப் பொட்டு வைத்தான். கண்ணை மூடி, அந்தப் பிள்ளை நல்லபடி ஏறி நல்லபடி இறங்க வேண்டும் என்று கும்பிட்டான்.

கண்ணைத் திறந்ததும்தான் பயம் பிடித்தது. தொடாதே என்று சொன்னதைத் தொட்டாயிற்று. அவள் வந்தால் வீடு இரண்டாகிவிடும். சட்டைப் பையில் ஸ்டோர் வேஸ்ட் துணி இருந்தது. எடுத்து, ட்ரையரின் பல்சக்கரப் பெட்டியைத் துடைப்பது போலவே பளபளவென்று துடைத்தான். கறுப்புக் குழாயில் ஒன்றும் தெரியவில்லை. துணியைப் போர்த்திவிட்டு வெளியே வந்து கற்பூரம் கொளுத்தினான். மறுநாள் விடியக் காலையில் அவள் இரண்டாவது உறையை ஏற்றினாள். பெட்டிக்குச் சூடு வைத்தவன் அவன்.

தப்பு செய்ததாக அவனுக்கு ஒருநாளும் தோன்றவில்லை. ஒரு திட்டிலிருந்து தப்பினோம் என்றுதான் நினைத்திருந்தான். உள்ளுக்குள் பொட்டு இருக்கிற குழாய் என்று அவனுக்கு ஒரு ரகசிய நிம்மதிகூட இருந்தது.

பதினான்கு வரியும் முடிந்ததும் ஜெயந்தினி தாளை வாங்கிப் படித்தாள். அடியில் தன் பெயரைப் போட்டுக் கையெழுத்து வைத்தாள். பிறகு பேனாவை அவனிடம் நீட்டினாள்.

"ரெண்டு பேர் போடணுமாம். செஞ்சவங்க ஒருத்தர், கூட நின்னு பார்த்தவங்க ஒருத்தர். சூடு பார்த்தவர்னு போட்டு உங்க பேர எழுதுங்க. ஏரோப்ளேன் பைல்ல நம்ம ரெண்டு பேர் பேரும் இருக்கட்டும்."

இப்படி அவள் சொல்வதற்காக அவன் எத்தனை நாள் அந்தக் கதவோரம் நின்றிருப்பான். சொல்லிவிட்டாள், அதுவும் இன்றைக்கு. மேலே போய் வெளிச்சத்தில் கையெழுத்துப் போட்டு, படமெடுத்து அப்படியே அனுப்பிவிடுகிறேன் என்று தாளையும் போனையும் எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டான். லயத்தில் சிக்னல் கிடையாது. மேலே பெரட்டுக்களத்துக்குப் போனால்தான் கிடைக்கும். காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க எல்லோரும் கூடுகிற அந்தத் திடல் அப்போது வெறிச்சென்று கிடந்தது. கீழிருந்து பனி ஏறி வந்துகொண்டிருந்தது.

அங்கே நின்று அவன் போட்ட கணக்குகளைச் சொன்னால் நமக்கே வெட்கமாக இருக்கும். ஐம்பது கிலோ கோதுமை மா மூட்டையை ஒவ்வொரு குழாயிலும் ஒரு பகல் பூராவும் கட்டித் தொங்கவிட்டார்களே, ஒன்றும் ஆகவில்லையே. துளி எண்ணெய்தானே. கம்பனிக்காரியின் கிரீம் வேறு, நம் எண்ணெய் வேறு. கும்பிட்டு வைத்தது வீண்போகுமா. இப்படியெல்லாம் நினைத்தான். நினைக்கும்போதே, அந்தப் பிள்ளை ஆகாயத்தில் பிடியைச் சாய்ப்பதும் விமானம் சாயாமல் போவதும் கண்முன் வந்தது.

கடைசியில் ரிஃகானுக்குப் போன் போட்டான். உண்மையைச் சொல்லத்தான் போட்டான். வாயைத் திறந்ததும் வேறொன்று வந்தது.

"தம்பி, நாளைக்கு நாள் சரியில்ல. அஷ்டமி. அடுத்த வாரம் பாத்துக்கங்களேன்."

ரிஃகான் கடகடவென்று சிரித்தான். "எங்களுக்கு அஷ்டமி நவமி இல்லண்ணே. காத்துத்தான் நாள். நாளைக்குக் காத்து நல்லா ஈக்கு." பின்னால் யாரோ சுத்தியல் தட்டும் சத்தம் கேட்டது. "பேப்பர அனுப்புங்கண்ணே. உங்க ரெண்டு பேர் கையெழுத்தையும் பார்த்துட்டுத்தான் நான் ஏறுவேன்."

சரி என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தான். தன்மேல் அவனுக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. ஓர் ஆளைச் சாகவிடாமல் தடுக்கப் பஞ்சாங்கத்தைத் தூக்கிக்கொண்டு போன தைரியசாலி என்று தன்னையே திட்டிக்கொண்டான். தாளை மடித்தான். கையெழுத்துப் போடவில்லை, படமும் எடுக்கவில்லை. படிக்கட்டில் இறங்கினான்.

ஜெயந்தினி இஸ்தோப்பில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அனுப்பியாயிற்றா என்று கேட்டாள். அவன் அவளுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தான்.

"அந்த ஒம்பதாவது வரி பொய், ஜெயந்தி."

சொல்லத் தொடங்கியதும் எல்லாம் வந்துவிட்டது. சந்தனம், இலை, கும்பிட்டது, பயந்தது, துடைத்தது. அவள் கையில் முறம் ஆடாமல் நின்றது. முடிந்ததும் இரண்டே கேள்வி கேட்டாள். எத்தனை குழாயில் என்றாள். நாலிலும் என்றான். எதால் துடைத்தீர்கள் என்றாள். சட்டைப் பையில் அன்றைக்கும் ஒரு வேஸ்ட் துணி இருந்தது. எடுத்து நீட்டினான். அதை வாங்கி முகர்ந்து பார்த்தாள். அவள் முகத்திலிருந்த இரத்தமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

போனைப் பிடுங்கிக்கொண்டு செருப்பில்லாமல் மேட்டில் ஏறினாள். அவன் பின்னாலேயே ஓடினான்.

"ரிஃகான், நாலு கொழாயையும் கழட்டுங்க," என்றாள் மூச்சு வாங்க. "இல்ல, நாளைக்கு இல்ல, இப்பவே கழட்டுங்க. ரெண்டு சுத்துக்கும் நடுவில எண்ணெய் பட்டிருக்கு. இன்னிக்குத்தான் தெரிஞ்சது."

அந்தப் பக்கம் அவன் என்னவோ கேட்டான். யார் செய்தது என்று கேட்டிருக்க வேண்டும். சுதாகரன் இரண்டு முழத் தூரத்தில் நின்றுகொண்டிருந்தான். அவள் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"எம் பட்டறைல நடந்தது. எம் பிழைதான்," என்றாள்.

பூமி பிளந்து தன்னை உள்ளே வாங்கிக்கொள்ளக் கூடாதா என்றிருந்தது சுதாகரனுக்கு. ஒன்பது வருஷம் அவள் கையால் போன தண்டுகளில் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்று பெருமையாகச் சொல்வாள். அந்தப் பெருமை அவனால்தான் போயிற்று. அவள் அவனைக் காட்டிக்கொடுத்திருந்தாலாவது கொஞ்சம் ஆறியிருக்கும்.

ஞாயிறு மாலை ரிஃகான் தானே குழாய்களைத் தூக்கிக்கொண்டு வந்தான். அன்றைக்குப் பறப்பதைப் பார்க்கச் சொந்தக்காரர்கள் இரண்டு வேன் நிறைய வந்திருந்தார்களாம். அவன் உம்மா ஆமினா உம்மா மகனுக்காக நோன்பு பிடித்திருந்தாளாம். எல்லோரும், பறக்காமல் நிற்கிற விமானத்தோடு படமெடுத்துக்கொண்டு திரும்பினார்கள் என்றான். முகத்தில் கோபம் இல்லை, தூக்கம் இல்லாத களைப்பு இருந்தது. போன நாலு வருஷமும் அவன் தோளில் உட்கார்ந்திருந்தது போலத் தோன்றியது.

ஜெயந்தினி ஒரு குழாயை மேசையில் இறுக்கி, நீளவாக்கில் இரும்பறுக்கும் வாளால் அறுத்தாள். அறுத்த விளிம்பில் கத்தி நுனியை விட்டு மெல்லத் தெண்டினாள். முனைக்கும் நடுவுக்கும் இடையில் ஒரு சாண் தூரத்துக்குக் கத்தி இறங்கவே இல்லை. கல் மாதிரி இருந்தது. சுதாகரனுக்கு ஒரு நிமிஷம் நெஞ்சில் பால் வார்த்தது. அடுத்து நடுவுக்கு வந்தாள். வாழைமட்டை பிரிவது போல மேல் சுற்று சத்தமில்லாமல் எழும்பி வந்தது. உள்ளே, கறுப்பில், விரல் அகலத்துக்கு வழுவழுப்பான ஒரு திட்டு. அதன் ஓரத்தில், சாண்ட் பேப்பர் போட்ட கீறலுக்குள், துணிக்கு அகப்படாமல் தங்கிப்போன குங்குமம்.

ரிஃகான் அதைத் தொட்டுப் பார்த்தான். விரலைப் பார்த்தான். பிறகு ஜெயந்தினியை அல்ல, நேராகச் சுதாகரனைப் பார்த்தான்.

"நான்தான் தம்பி," என்றான் சுதாகரன். "உங்க அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது. உங்களுக்கு நல்லது நடக்கணும்னு வச்சேன்."

ரிஃகான் பிரிந்த மட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தான். வெளியே யாரோ தண்ணீர்ப் பீலியில் குடம் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவன் உதடு கோணியது.

"நேத்து எங்க உம்மா ஒரு போத்தல் ஓதின தண்ணி கொண்டு வந்தாங்க. பெற்றோல் டாங்கில ஊத்தணுமாம். மூடியப் பூட்டித் தொறப்ப ஒளிச்சு வச்சேன்." சொல்லிவிட்டுப் பெருமூச்சு விட்டான். "என்மேல இவ்வளவு பாசம் வச்சா நான் எப்பிடிண்ணே உயிரோட ஈக்கிறது?"

சுதாகரனுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. புதிதாகச் செய்ய எத்தனை நாள் ஆகும் என்று ரிஃகான் ஜெயந்தினியிடம் கேட்டான். ஒரு மாதம் என்றாள். சரி அக்கா என்று மட்டும் சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனான். அவன் தலை மறைந்த பிறகுதான் அவள் மேசையில் கையூன்றி நின்றாள். தோள் குலுங்கியது.

கிட்டப் போனான். வர வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.

"பொட்டு வச்சதுக்கு எனக்குக் கோவமில்ல," என்றாள். "வச்சத அப்படியே விட்டிருந்தீங்கன்னா காலைல நான் பார்த்திருப்பேன். திட்டிட்டு, மறுபடி சாண்ட் பேப்பர் போட்டிருப்பேன். அரைமணி நேர வேல. நீங்க தொடச்சீங்க பாருங்க, அதைத்தான் என்னால தாங்க முடியல."

திட்டுக்குப் பயந்து, அவள் வேலையை அவளுக்கே ஒளித்திருக்கிறான். பதினேழு வருஷக் குடும்பத்தில் இப்படி எத்தனையைத் துடைத்து வைத்திருக்கிறோம் என்று அன்றைக்கு முழுக்க அவனுக்கு யோசனை ஓடியது.

பிறகு ஒரு வாரம் அவள் அவனோடு பேசவில்லை. சோறு போட்டாள், தேத்தண்ணி வைத்தாள், பேச்சு மட்டும் இல்லை. பக்கத்துக் காம்பராவில் அச்சுக்குழாய்க்கு மெழுகு பூசும் சத்தமும், உறையை இழுக்கும் சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தன. அவன் கதவுப் பக்கமே போகவில்லை. எட்டாம் நாள் ஸ்டோரிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து குரல் வந்தது.

"சூட்டப் பாருங்க."

கையை மூன்று தடவை கழுவிக்கொண்டு போனான். பெட்டிக்குள் புறங்கையை நீட்டினான். இன்னும் ரெண்டு பாகை ஏறணும் என்றான். அவள் தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள். அன்றையிலிருந்து அவன் பாடு கொஞ்சம் இலேசானது.

மாசி முடிவதற்குள் நான்கும் ஆயிற்று. கடைசி நாள் விடியற்காலை அவற்றைப் பீலிக்குக் கொண்டுபோய் ஊற்றுத் தண்ணீரில் பிடித்தார்கள். குளிரில் அலுமினியம் சுருங்கும், காபன் அவ்வளவு சுருங்காது. உள்ளேயிருந்த அச்சுக்குழாய் கிளிக்கென்று விட்டுக்கொடுத்து வழுக்கி வந்தது. ஜெயந்தினி ஒவ்வொன்றையும் கண்ணில் வைத்து வானத்தைப் பார்த்தாள். அவனிடமும் கொடுத்துப் பார்க்கச் சொன்னாள்.

அன்று மாலை மறுபடி பலகையும் தாளும். இந்தத் தடவை ஒன்பதாவது வரி வந்ததும் அவள் சொன்னாள், அவன் எழுதினான். இந்த நான்கு குழாய்களிலும் ஒரு கையும் படவில்லை. பிறகு அவள் நிறுத்திவிட்டாள். அவன் மட்டும் நிறுத்தவில்லை. அடுத்த வரியில், அவள் சொல்லாமலே, தன் அச்செழுத்தில் எழுதிக்கொண்டு போனான். "முதலில் செய்த நான்கிலும் இந்தக் கட்டத்தில் சந்தனமும் குங்குமமும் வைத்து, எண்ணெய்த் துணியால் துடைக்கப்பட்டது. துடைத்தவர் சுதாகரன். அந்த நான்கும் அறுக்கப்பட்டன."

ஜெயந்தினி வாங்கிப் படித்தாள். இது தேவையா என்று கேட்கவில்லை. தன் பெயரைப் போட்டுவிட்டுப் பேனாவை நீட்டினாள். "சூடு பார்த்தவர்" என்று எழுதி அவன் கையெழுத்து வைத்தான்.

எழுந்து உள்ளே போனவள் ஒரு கிண்ணத்தில் சந்தனமும் குங்குமமும் கொண்டு வந்து அவன் முன்னால் வைத்தாள்.

"வேல முடிஞ்சிருச்சு. இப்ப வைங்க," என்றாள். "அப்படியே இருக்கட்டும்."

நான்கு குழாய்களிலும் நடுவில் ஒவ்வொரு பொட்டு வைத்தான். எடுத்துப் போக வந்த ரிஃகான் அதைப் பார்த்தான். அழியாமல் இருக்க ஒவ்வொன்றையும் தனித்தனியாகக் கடுதாசியில் சுற்றினான்.

பங்குனி மாதத்து முதல் ஞாயிறு. விடிந்ததும் விடியாததுமாக இருவரும் பெரட்டுக்களத்து மேட்டில் ஏறி நின்றார்கள். ஞாயிறானதால் அங்கே வேறு யாரும் இல்லை. ஏழு மணி ஆயிற்று, ஏழரை ஆயிற்று. ஜெயந்தினி போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். எட்டு ஆகியும் அழைப்பு இல்லை. எட்டு பத்துக்குப் போன் அடித்தது. இருவருக்கும் கேட்க அவள் சத்தமாக வைத்தாள்.

"எறங்கிட்டேன் அக்கா," என்றான் ரிஃகான். பின்னால் ஒரே கூச்சலாக இருந்தது. "பதினொரு நிமிஷம். சாய்ச்ச பக்கமெல்லாம் சாஞ்சிச்சு. சுதாண்ணே பக்கத்தில ஈக்காரா?"

இருக்கிறார் என்றாள்.

"எறங்கின ஒடனே ரெக்க மூடியக் கழட்டிக் கொழாயப் பார்த்தோம்ண்ணே. பொட்டு அப்படியே ஈக்கு."

ஜெயந்தினி ஏதோ சொல்லிப் போனை வைத்தாள். சுதாகரனுக்குக் கண் நிறைந்து, கீழே மலையும் லயமும் ஒன்றும் தெரியாமல் போயிற்று. சட்டைப் பைக்குள் கைவிட்டு, அகப்பட்டதை எடுத்துக் கண்ணுக்குக் கொண்டுபோனான். ஜெயந்தினி அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அதால தொடைக்காதீங்க," என்றாள். "எண்ணெய்."

வேஸ்ட் துணியை வாங்கித் தன் இடுப்பில் சொருகிக்கொண்டு, குளிருக்குப் போர்த்தியிருந்த துண்டின் முனையை அவனிடம் கொடுத்தாள்.